இன்னா முறை ஆவணும்?

நேற்றுக் காலை நம் ‘தெருப் பிள்ளைகள்’ வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி எழுதியிருந்தாள். பிள்ளைகளாம்! எல்லாரும் தலைக்கு மை பூசிக்கொண்டு திரிகிறோம். “நம்ம காலத்துல யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், முறை வச்சுத்தான் கூப்பிடுவோம். தெருவே ஒரே குடும்பமா இருந்துச்சு. இப்ப பக்கத்து வூட்ல யாரு கீறாங்கன்னே தெரியல” என்று. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். வாலாஜாபாத்தில் வாக்கப்பட்டவள், கம்பெனி லைனில் நின்று நின்று முட்டி தேய்ந்தவன், செம்பரம்பாக்கம் பக்கம் மளிகைக் கடை போட்டிருப்பவன், எல்லாரும் கும்பிட்டிருந்தீர்கள். நானும் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் பால் பொங்கி அடுப்பு மேடையெல்லாம் வழிந்து கிடக்கிறது.

அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, பாவம். அவள் எழுதியது பொய்யும் இல்லை. முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். என்னைத் திட்டிக்கொண்டே படியுங்கள்.

நம் தெருவில் குடிவந்த அக்காவை நினைவிருக்கிறதா? சிவப்பு லேடீஸ் சைக்கிள், ஜோல்னாப் பை, மூக்குக் கண்ணாடி. எங்கள் வீட்டுப் பின்கட்டில், அதுவரை வைக்கோலும் உர மூட்டையும் அடைந்து கிடந்த அறையில்தான் அவள் வந்து இறங்கினாள். மாசி பிறந்த சமயம். அறுப்பு முடிந்து வயலெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. நம் பக்கம் வந்த முதல் கம்பெனிக்கு மண் அடிக்கிற லாரிகள் மெயின் ரோட்டில் ஓயாமல் போய்வந்துகொண்டிருந்தன. துவைத்துப் போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலத்துக்குள் செம்மண் நிறமாகிவிடும். சாப்பிடும்போது பல்லில் மண் நெறநெறக்கும்.

அவளுக்குச் சம்பளம் கொடுத்த ஆபீஸ், பஸ்ஸில் வந்து போனால் போதும் என்றுதான் சொல்லியிருந்ததாம். மாட்டேன் என்று அடம்பிடித்தவள் அவள்தான். வீடு கேட்டு வந்த அன்று அம்மாவிடம் சொன்னதை நான் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“ஊருக்குள்ள குடியிருக்கணுங்க. உங்ககூட குழாயடியில குடம் வச்சு நிக்கணும். வந்து வந்து போறவள யாரு நம்புவாங்க? இங்க எடம் கெடைக்கலன்னா இந்த ஊர விட்டுட்டுப் போறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல.”

“அப்டி இன்னா வேல?”

“ஊருக்கு என்ன வேணும்னு ஊர்க்காரங்களே கூடிப் பேசி முடிவு பண்ணணும். அதுக்குக் கூடமாட நிக்கிறதுதாங்க வேல.”

அம்மாவுக்கு அது ஒரு மண்ணும் புரியவில்லை. ஒண்டிப் பெண், அதிகம் ஆக்க மாட்டாள், சத்தம் போட மாட்டாள், அவ்வளவுதான் புரிந்தது. ஆனால் பெரியம்மா விடுவாளா? அறையைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் நேராகவே போய்க் கேட்டாள்.

“நீங்க இன்னா ஆளுங்க?”

“வாலாஜாபாத் பக்கங்க.”

“ஊரக் கேக்கல. ஆளு, ஆளு.”

“எங்க வூட்ல ஆறு ஆளுங்க.”

பெரியம்மா வாயடைத்துப் போனதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். “கெட்டிக்காரி, சிக்க மாட்டன்றா” என்று அம்மாவிடம் வந்து முணுமுணுத்தாள். நெற்றியில் பொட்டு இருக்கிறது, கழுத்தில் சிலுவை இல்லை, நம்ம ஆளாகத்தான் இருக்கும் என்று இருவரும் சேர்ந்து தீர்ப்பு எழுதிக்கொண்டார்கள்.

வந்த முதல் மாதம் அவள் ஒரு வேலையும் செய்யவில்லை. குழாயடியில் குடம் வைத்தாள், கல்யாண வீட்டில் காய் நறுக்கினாள், நம்மோடு தெருவில் பாண்டி ஆடினாள். கண்ணில் படுகிறவர்களையெல்லாம் காட்டி நம்மிடம் ஒரே கேள்வி: “அவங்க உனக்கு என்ன முறை ஆகணும்?” நாம் போட்டி போட்டுக்கொண்டு சொல்வோம். சித்தப்பா முறை, மாமன் முறை, ஆயா முறை. ஒருவரே அப்பா வழியில் அண்ணன், அம்மா வழியில் மாமா என்று வந்துவிட்டால் அவளுக்குக் கொண்டாட்டம். நாம் அவளுக்கு ‘முறையக்கா’ என்று பேரே வைத்தோம். அவள் சைக்கிள் வருவதைப் பார்த்ததும் யாராவது ஒரு வாண்டு கத்தும்: “அந்த கெடா உனுக்கு இன்னா முறை ஆவணும்?” இன்னொன்று பதில் சொல்லும்: “தாய் மாமன்!” அக்கா சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள்.

அது புளி உடைக்கிற பருவம். வீட்டுக்கு வீடு பழம் குவிந்து தெரு முழுக்கப் புளித்த வாசனை. பெண்கள் நகம் கறுக்க உட்கார்ந்து கொட்டை எடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கு உடைக்க வந்தவர் ஒரு காலனிப் பெண். நடவு, களையெடுப்பு எல்லாவற்றுக்கும் அவர்தான் வருவார். புளியமரத்தைத் தாண்டினால் காலனி, மரத்துக்கு இந்தப் பக்கம் நம் தெரு. அவர் பெயர் உங்கள் எல்லாருக்கும் தெரியும். இதில் நான் யார் பெயரையும் எழுதவில்லை. மற்றவர்கள் பெயரை எழுதாதது மரியாதைக்காக. அவர் பெயரை எழுதாததற்குக் காரணம் வேறு. அதை நாம் தேவைக்கு மேலேயே கூப்பிட்டாகிவிட்டது.

அவர் என் அம்மாவைவிட மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். வா, போ, இந்தா, எடு. அவர் என்னை “பாப்பா, வாங்க” என்பார். ‘ங்க’வை அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம்தான் போடுவது என்று எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. நடக்கக் கற்றுக்கொண்டதுபோல் அதையும் கற்றுக்கொண்டேன்.

ஒருநாள் பின்வாசலில் நின்று நான் அவரைக் கூவி அழைத்தது அக்கா காதில் விழுந்தது. அன்று சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“அவங்க உங்கம்மாவ விடப் பெரியவங்க இல்ல?”

“ஆமா.”

“அப்ப பேர் சொல்லிக் கூப்புடற?”

“அவள அப்டித்தான் கூப்புடுவோம்.”

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பொறுக்கிய கொட்டைகளைப் பால்பவுடர் டப்பாவில் போட்டு மூடி வைத்தாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு எதிரில் தெரு அகலமாக இருக்குமே, அங்கேதான் படம் போட்டார்கள். ஊர்ப் படம். புதுக் குழாய் ஒன்று வரப்போகிறது, அதை எங்கே வைப்பது என்று பெண்களே ஊரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று அக்கா வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். தாளும் இல்லை, பேனாவும் இல்லை. கோலமாவு. பொங்கலுக்கு வாங்கி மிச்சமிருந்த நீலத்தை ஏரிக்குத் தூவினார்கள், பச்சையை வயலுக்கு, செங்கல் தூளை மெயின் ரோட்டுக்கு.

“ஒரே ஒரு சட்டம்,” என்றாள் அக்கா. “அவங்கவங்க வூட்ட அவங்கவங்க போடக் கூடாது. பக்கத்து வூட்டுக்காரங்கதான் போடணும். அந்த வூட்ல எத்தன பேரோ அத்தன புளியங்கொட்டை. வைக்கும்போது பேர் சொல்லக் கூடாது. உங்களுக்கு என்ன முறைன்னு சொல்லி வைக்கணும்.”

சும்மா சொல்லக் கூடாது, அந்த ஒரு காலைவேளை தெரு அவ்வளவு அழகாக இருந்தது. “ஏண்டி, எங்க வூட்ட கோழிக் கூண்டாட்டம் போட்டுகிற?” என்று ஒருத்தி சண்டைக்கு வந்தாள். நடுச்சுவர்த் தகராறில் அம்மாவும் பெரியம்மாவும் பேச்சு நின்று போயிருந்த சமயம் அது. சட்டம் சட்டம்தானே? அம்மா போய் பெரியம்மா வீட்டை வரைந்து, “இது எங்க ஓரகத்தி” என்று ஒரு கொட்டையை வைத்தாள். “அவளுக்கு ஒண்ணு பத்தாது, மூணா வை” என்று பின்னாலிருந்து யாரோ கத்த, பெரியம்மாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதோடு பேச்சு வந்துவிட்டது. நம் தெருப் பெண் குழுவில் எழுதிய ‘ஒரே குடும்பம்’ அன்று காலை என் கண்ணெதிரே இருந்தது. நான் மறுக்கவில்லை.

“புளியமரத்துக்கு அந்தாண்ட என்ன இருக்கு?” என்று அக்கா கேட்டாள்.

எல்லாரும் மரத்துப் பக்கம் திரும்பினார்கள். அப்போதுதான் மரத்தடியில் காலனிப் பெண்கள் நாலைந்து பேர் நிற்பதைப் பார்த்தேன். அக்காதான் வரச் சொல்லியிருந்தாள். அவர்கள் மரத்தைத் தாண்டவில்லை. அக்கா போய், எங்கள் வீட்டுக்குப் புளி உடைத்தவரின் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். கோலமாவைக் கொடுத்தாள். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தெருவையும், சின்ன மாதாகோயிலையும், உப்புத் தண்ணீர் வருகிற அந்த ஒற்றைக் கைப்பம்பையும் போட்டார். என் அம்மாவைவிட மெல்லிய இழை. மாவு கையிலிருந்து நூலாக இறங்கியது. வீடுகளை மட்டும் விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

“வூடுங்கள நீங்கதான் போடணும்,” என்றாள் அக்கா நம் பெண்களைப் பார்த்து. “அடுத்த தெரு. நீங்கதானே பக்கத்து வூட்டுக்காரங்க?”

ஒருத்தியும் அசையவில்லை. கைப்பம்புக்குப் பக்கத்தில் அக்காவே ஒரு வீட்டைப் போட்டுவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

“இந்த வூட்ல யாரு இருக்காங்க? நீதான் தெனம் பாக்கறியே. நீ வை.”

எனக்குத் தெரியாதா? வகுப்பில் முந்திக்கொண்டு பதில் சொல்வதுபோல் அவர் பெயரைக் கணீரென்று சொன்னேன்.

“பேரு வேணாம்டா. உனக்கு என்ன முறை ஆகணும்?”

யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். பெரியம்மா, சின்னம்மா, அத்தை, ஆயா, அக்கா, என்னிடம் இருந்த எல்லா வார்த்தையையும் எடுத்து அவரோடு சேர்த்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. நான் மறந்துபோன வார்த்தை ஏதோ ஒன்று இருக்கிறது, அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்தான் பேசினார். “பாப்பா பேரே சொல்லட்டும்மா,” என்றார் அக்காவிடம். “கொழந்தைய ஏன் கஷ்டப்படுத்தறீங்க? பழக்கம் அப்டி.” என் உள்ளங்கையிலிருந்து கொட்டையை எடுத்து, குனிந்து, தன் வீட்டில் தானே வைத்துக்கொண்டார். அவர் விரல் என் கையில் பட்டதை அம்மா பார்த்தாள்.

பெரியப்பா வந்தது அந்த நேரத்தில்தான். ஊரில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது, தெரியுமே. படத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“இன்னாமா இது? யாரக் கேட்டு ஊர அளக்கற?”

“அளக்கலீங்க. குழாய்க்கு எடம் பாக்கறதுக்காக...”

“ஏரி, வாய்க்கா, பொறம்போக்கு, எல்லாம் புட்டுப்புட்டு வச்சிகிற. கம்பெனிக்காரனுக்கு எழுதிக் குடுக்கத்தானே வந்து குந்திகினுகீற? எங்களுக்குத் தெரியாதா?”

காலனிப் பெண்களை அவர் பார்க்கக்கூட இல்லை. புளி உடைத்தவரே கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார். அம்மா உள்ளே போனாள். சாணி கரைத்த வாளியோடு திரும்பி வந்தாள். பின்னாலேயே பெரியம்மா துடைப்பத்தோடு.

உச்சி வெயில். வாசல் தெளிப்பது விடியற்காலையில். பட்டப்பகலில் தெருவையே சாணித் தண்ணீர் விட்டுக் கழுவி நான் அதுவரை பார்த்தது ஒரே ஒரு முறைதான், தெரு வழியாகப் பிணம் எடுத்துப் போன பிறகு. அதனால் எனக்குப் பயம் வந்துவிட்டது. சத்தமாகவே கேட்டேன்.

“யாரும்மா செத்துட்டாங்க?”

மரத்தடியில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். புளி உடைத்தவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். அக்கா காலி டப்பாவோடு அப்படியே நின்றாள். ஏரியின் நீலமும் வயலின் பச்சையும் சாணித் தண்ணீரில் கலங்கின. புளியங்கொட்டைகள் எல்லாம், பெரியம்மா வீட்டுடையது, எங்கள் வீட்டுடையது, அவர் வைத்தது, ஒன்றாக அடித்துக்கொண்டு சாக்கடைக்குப் போயின. பிறகு அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றினாள்.

அக்காவைக் காலி செய்யச் சொன்னது அப்பா. அப்பாவுக்கு யாரையும் கடிந்து பேச வராது. “பசு கன்னு போடப் போவுது. கட்ட எடம் இல்ல. தப்பா எடுத்துக்காதம்மா” என்றார். எங்கள் பசு கன்று போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் கன்று அக்கா அறை வாசலில்தான் கட்டியிருந்தது, அப்பா பேசி முடிக்கும்வரை அவள் புடவைத் தலைப்பைச் சப்பிக்கொண்டு. அவள் அதையும் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள். “சரிங்க” என்றாள்.

நம் தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில் மகள் பிரசவத்துக்கு வருகிறாள், ஒரு வீட்டில் ஓடு மாற்றப் போகிறார்கள். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள், பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். இந்த ஊரை விட்டே போக வேண்டியதுதான் என்று டிரங்குப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பியவளைப் புளியமரத்தடியில் நிறுத்தி, தன் வீட்டில் பாதியைக் கொடுத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கேயே இருந்தாள். அடுத்த மழைக்காலத்துக்குள் காலனிக்குக் குழாய் வந்தது. நமக்கு அவளோடு பேசத் தடை. பள்ளிக்கூடம் போகும் வழியில் எதிரே சைக்கிள் வந்தால் நாம் வரப்பில் இறங்கி முகத்தைத் திருப்பிக்கொள்வோமே. “சாப்ட்டீங்களா எல்லாரும்?” என்று கேட்டுக்கொண்டே போவாள். ஒருநாள் அவள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. எங்கே போனாள் என்று நம் தெருவில் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை.

நிலம் அளக்க வந்தவளை ஊர் விரட்டியது என்றுதான் நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். என் பெண்ணுக்குக்கூட அதைத்தான் வீரக்கதையாகச் சொல்லியிருக்கிறேன். நிலத்தைக் கம்பெனிக்குக் காட்டிக் கொடுத்தது யார்? புரோக்கர்களைக் கார் வைத்துக் கூட்டிவந்து வரப்பு வரப்பாக நடத்தியது பெரியப்பா. அதற்கு யாரும் தெருவைக் கழுவவில்லை. இது எனக்கு உறைக்க இத்தனை வருஷம் ஆனது. படம் போட்டதற்காக என்றால் படத்தை மட்டும் அழித்திருக்கலாம், எனக்கு ஏன் தலைக்கு ஊற்றினார்கள்? அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். நல்லவள்தான். யார் பசி என்று வந்தாலும் அனுப்ப மாட்டாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? என் மாடியில் ஷிப்டுக்குப் போகும் பெண்களுக்கு அறை விட்டிருக்கிறேன். புதிதாக ஒருத்தி வந்து நின்றால் நாக்கு நுனிக்கு முதலில் வருவது “நீங்க இன்னா ஆளுங்க”தான். விழுங்கிவிட்டு “எந்த ஊரும்மா?” என்கிறேன். காது எதிர்பார்ப்பது அதே பதிலைத்தான்.

போன வாரம் சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஏறினேன். அடுத்த நிறுத்தத்தில் கம்பெனி யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண், மாமியாரைக் கைத்தாங்கலாக ஏற்றி என் பக்கத்தில் உட்கார வைத்தாள். நரைத்து, சிறுத்து, கையில் ஆஸ்பத்திரி மாத்திரைப் பை. அவரேதான். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வழி முழுக்க நான் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். எதைச் சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது?

காலனி முனையில் இறங்கினார்கள். மாத்திரைப் பை சீட்டிலேயே கிடந்தது. கையில் எடுத்துக்கொண்டேன். கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தேன். அவர் பெயர்தான் வந்தது, கணீரென்று, உதடு வரைக்கும். பல்லைக் கடித்து அதை நிறுத்தினேன். அம்மா என்பதா, பெரியம்மா என்பதா? அன்று தேடிய அதே வார்த்தையை இந்த வயதிலும் தேடிக்கொண்டு பையைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அவர் நடந்துகொண்டே இருக்கிறார்.

ஓட்டுகிற பையன் தென்காசிப் பக்கத்தவன். கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

“ஆச்சி! ஏ ஆச்சி! பைய விட்டுட்டுப் போறீயளே!”

வந்து எத்தனை நாள் ஆகியிருக்கும் அவனுக்கு இந்த ஊருக்கு? அவனுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

அவர் திரும்பி வந்தார். பையை நீட்டினேன். வாங்கும்போது அவர் விரல் என் உள்ளங்கையில் பட்டது. என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. “பாப்பா” என்பார் என்று காத்திருந்தேன். தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். ஆட்டோ கிளம்பும்போது மருமகள் கேட்டது என் காதில் விழுந்தது.

“யாரு அத்த அது? உனுக்குத் தெர்ஞ்சவங்களா?”

“அதுவா? அந்தத் தெருவுல ஒருத்தங்க.”

பேரும் இல்லை, முறையும் இல்லை. அவர் சொன்னது சரிதான்.

குழுவில் நான் போட்ட கும்பிடை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தாய் என்று கேட்பீர்கள் என்பதால் இவ்வளவும் எழுதினேன்.